ஆறு பசங்க, ஆயிரம் ரூபா, படிக்கத் தெரியாத ஒரு பாட்டி

கேள்வி: வணக்கம் மேடம். நாங்க குடியாத்தம். பொங்கலுக்கு எல்லாரும் எங்க வீட்லதான் கூடுவாங்க. என் பசங்க ரெண்டு (7, 4), கொழுந்தனார் பசங்க ரெண்டு (6, ஒன்றரை), சித்தூர்ல கட்டிக்குடுத்த நாத்தனார் பசங்க ரெண்டு (5, 3). போன வருஷம் ஆளுக்கொரு பேட்டரி கார் வாங்கிக் குடுத்தேன், மாட்டுப்பொங்கல் முடியறதுக்குள்ள ஆறும் உடைஞ்சுபோச்சு. இந்த வாட்டி படம் போட்ட கதை புக் குடுக்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் 1000 ரூபா, அதுக்கு மேல முடியாது. பகல்ல பசங்கள பாத்துக்கறது என் மாமியார், அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, "பொஸ்தகம் குடுத்தா எவன் படிப்பான்"னு கேக்கறாங்க. நாத்தனார் பசங்க வீட்ல தெலுங்குதான். என்ன வாங்கறது, எங்க வாங்கறது?

பதில்: வணக்கம்மா. உங்க மாமியார் கேட்டது சரியான கேள்வி, நான் அதுலேருந்தே ஆரம்பிக்கறேன். ஒன்றரை வயசும் மூணு வயசும் தானா படிக்காது, ஆறு வயசே எழுத்துக்கூட்டித்தான் படிக்கும், அப்போ அந்த புக்க யாராவது மடில வெச்சு காட்டணும், காட்டப்போறது யாரு? உங்க வீட்ல பகல்ல மாமியார், ராத்திரில நீங்க. அதனால பசங்களுக்கு புடிக்குமான்னு பாக்கறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேருக்கும் புடிக்குதான்னு பாருங்க. 22 வருஷம் ஸ்கூல் லைப்ரரில சின்ன பசங்களோட உக்காந்தவ சொல்றேன், ஒரு புக்கு குழந்தைக்கு புடிச்சுதுன்னா அத நாப்பது தடவ கேக்கும், "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி"ன்னு, நாலாவது தடவையே உங்களுக்கு சலிச்சுப்போற புக்கா இருந்தா அஞ்சாவது தடவ பரண்மேல போய் உக்காந்துடும்.

மாமியார் விஷயத்துக்கு வரேன். நான் வேலையில இருந்தப்போ, பேரன கூப்ட்டுகினு போக வர்ற ஒரு பாட்டி, லைப்ரரி வாசல்லயே நிப்பாங்க, உள்ள வரமாட்டாங்க, "எனக்கு இன்னாம்மா தெரியும் அதுல"ன்னுவாங்க. ஒருநாள் மழை, வேற வழி இல்லாம உள்ள வந்து உக்காந்தாங்க, பையன் கையில எழுத்தே இல்லாத ஒரு படப்புத்தகம், ஒரு ஆடு சந்தையில தொலைஞ்சுபோற மாதிரி வெறும் படமா இருக்கும். பாட்டி முதல் பக்கத்த பாத்துட்டு "தோ பாரு, கயித்த சரியா கட்டல, அதான் ஓடிப்போச்சு"ன்னாங்க. நான் அந்த புக்க ஒரு நூறு தடவ புரட்டியிருப்பேன், அந்தக் கயிறு என் கண்ணுல பட்டதே இல்ல. அப்புறம் மழை விட்டும் அரை மணி நேரம் கதை ஓடுச்சு, சந்தையில ஆட்டுக்கு பல்லு பாத்து வயசு சொல்றது, தரகர் துண்டு போட்டு விரல புடிச்சு விலை பேசறது, எல்லாம் அந்தக் கதைக்குள்ள வந்துடுச்சு. படிச்சவ நான், எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது.

அதனால உங்க 1000 ரூபாயில முதல் புக்கு மாமியாருக்கு. எழுத்தில்லாத படக்கதைன்னு கேட்டு வாங்குங்க, இல்லைன்னா படமே கதை சொல்ற மாதிரி, பக்கத்துக்கு ஒரு வரி இருக்கற புக்கு. பண்டிகைக்கு நாலு நாள் முன்னாடியே அவங்க கையில குடுத்துடுங்க, பசங்க வர்றதுக்குள்ள அவங்க ஒரு கதைய மனசுல கட்டி வெச்சிருப்பாங்க.

இப்போ எத வாங்கக் கூடாதுன்னு சொல்லிடறேன், ஏன்னா நீங்க கடைக்குப் போனா கடைக்காரர் முதல்ல எடுத்துப் போடறது அதுதான். பளபளன்னு கெட்டி அட்டை, "101 நீதிக் கதைகள்"ங்கற மாதிரி, தலையணை சைஸ். 300 ரூபாய்க்கு 101 கதை, கணக்குப் பாத்தா ஒரு கதை மூணு ரூபா, லாபம்தானேன்னு தோணும். தோணட்டும், வாங்காதீங்க. பக்கம் முழுக்க பொடி எழுத்து, மூலையில ஒரு சின்ன படம், அதுவும் கம்ப்யூட்டர்ல எங்கேயோ எடுத்து ஒட்டினது, நரிக்கும் நாய்க்கும் ஒரே மூஞ்சி. நாலு வயசுப் பிள்ள அத மடில வெச்சு தூக்கக்கூட முடியாது. இன்னொன்னு, அந்த தடி புக்கெல்லாம் முதுகுல கம் போட்டு ஒட்டினது, நம்ம பக்கத்து வெயிலுக்கு அந்த கம் காஞ்சு ரெண்டாவது கோடைக்குள்ள பக்கம் பக்கமா கழண்டு வரும், நான் லைப்ரரில அள்ளிப் போட்டிருக்கேன்.

நல்ல படப்புத்தகம் மெலிசா இருக்கும், 16 பக்கம், 24 பக்கம், மிஞ்சிப்போனா 32. பெரிய தாளுல அச்சடிச்சு மடிச்சு வெட்றதால அந்தக் கணக்குலதான் பக்கம் வரும். நடுவுல ரெண்டு ஸ்டேப்ளர் பின், அவ்ளோதான் பைண்டிங், ஆனா அது நல்லா விரியும், தரையில போட்டா மூடிக்காம கிடக்கும், நாலு பசங்க சுத்தி படுத்து பாக்கலாம். பின் துருப்புடிக்காம இருக்கா, முனை வெளிய நீட்டிகினு இருக்கான்னு மட்டும் விரலால தடவிப் பாத்துடுங்க.

இவ்ளோ கலரோட எப்படி 50, 60 ரூபாய்க்கு குடுக்கறாங்கன்னு சந்தேகம் வரலாம், மட்டமான சரக்கோன்னு. இல்ல. ஒரே படத்த வெச்சுகினு பத்து பாஷையில போடுவாங்க, கலர் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், கறுப்பு மையில வர்ற எழுத்து மட்டும் பாஷைக்கு பாஷை மாறும், அதனால அச்சு செலவு பங்குபோட்டுக்கும். 1957ல ஆரம்பிச்ச நேஷனல் புக் டிரஸ்ட், மத்திய அரசு நிறுவனம், அவங்க நேரு பால புஸ்தகாலயம்ங்கற வரிசைல இப்படித்தான் பண்றாங்க. பெங்களூர்ல 2004ல ஆரம்பிச்ச பிரதம் புக்ஸும் அதே வழிதான். நான் கடைசியா வாங்கினப்போ இந்த ரெண்டு பேரோட புக்கும் 40லேருந்து 90க்குள்ள கிடைச்சுது. தமிழ்ல பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ட்ரன், அப்புறம் வானம் பதிப்பகம், இவங்ககிட்டயும் கைக்கு அடக்கமான விலையில குழந்தைங்க புக்கு இருக்கு.

(எங்க காலத்துல ரஷ்ய புக்கு வரும். வேன்ல வெச்சு வித்துகினு வருவாங்க, மூணு நாலு ரூபாய்க்கு அப்படி ஒரு பேப்பர், அப்படி ஒரு கலர், பனியில கரடி நடந்து போறத வேலூர் வெயில்ல உக்காந்து பாப்போம். 1991ல சோவியத் உடைஞ்சுது, அதோட அதுவும் போச்சு. அந்த விலைக்கு அந்தத் தரம் இன்னிக்கு வராது, அது அவங்க அரசாங்கம் நஷ்டப்பட்டு குடுத்தது.)

கடையில நின்னு எப்படி செலக்ட் பண்றதுன்னா, அட்டைய பாக்காதீங்க, நடுப்பக்கத்த விரிங்க. அந்த ஒரு படத்த மட்டும் பாத்து, கதைய படிக்காம, நீங்க ஒரு நிமிஷம் பேச முடியுதா? "இங்க பாரு பூனை எங்க ஒளிஞ்சிருக்கு, அந்த அம்மா கையில என்ன, ஏன் அழுவுறான்"னு. பேச முடிஞ்சா எடுத்துக்குங்க. ஒரு ஆப்பிள், ஒரு பால், ஒரு கார்னு வெள்ளைத் தாளுல தனித்தனியா நின்னா பேச ஒண்ணும் இல்ல, பேர் சொல்லிட்டு முடிஞ்சுது. அப்புறம் வாய்விட்டு ரெண்டு வரி படிங்க, கடையிலதான், வெக்கப்படாதீங்க. "அவன் மிகவும் மகிழ்ச்சியுற்றவனாக இல்லம் திரும்பினான்"னு இருந்தா கீழ வெச்சுடுங்க, உங்க நாக்கே தடுக்குது, நாலு வயசுக்கு என்ன விளங்கும்.

இப்போ உங்க ஆறு பேருக்கு வரலாம்.

ஒன்றரை வயசு வாண்டுக்கு கெட்டி அட்டை புக்கு மட்டும்தான், போர்டு புக்குன்னு கேளுங்க, 100லேருந்து 200 ஆகும், மூலை உருண்டையா இருக்கணும். அது படிக்காது, கடிக்கும், அதுவும் படிப்புதான், திட்டாதீங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, பட்டன் அழுத்தினா பாட்டு வர்ற புக்கு, மியாவ்னு கத்தற புக்கெல்லாம் வேணாம். உள்ள வட்டமா பட்டன் பேட்டரி இருக்கும், அத முழுங்கி தொண்டையில மாட்டிகிச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிடும், ஆஸ்பத்திரிக்கு ஓடற விஷயம். ஏற்கனவே வீட்ல அப்படி ஒண்ணு இருந்தா பேட்டரி மூடி ஸ்குரு போட்டு இறுக்கமா இருக்கான்னு இன்னிக்கே பாத்துடுங்க.

போர்டு புக்குக்கு காசு போதலைன்னா வீட்லயே பண்ணலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை அஞ்சாறு எடுத்து, அது மேல வீட்டு ஆளுங்க போட்டோ ஒட்டுங்க, பாட்டி, தாத்தா, மாமா, பக்கத்து வீட்டு மாடு. அந்த வயசுக்கு தெரிஞ்ச மூஞ்சிய விட பெரிய கதை கிடையாது. ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணி, ஓரம் குத்தாம மூலைய வளைச்சு வெட்டி, ஓட்டை போட்டு கயிறு கட்டிடுங்க. கயிறு நீளமா விடாதீங்க.

மூணு, நாலு வயசுக்கு ஒரே வரி திரும்பத் திரும்ப வர்ற கதை. மூணாவது பக்கத்துலயே பிள்ள உங்களுக்கு முன்னாடி சொல்லிடும், அப்போ அது மூஞ்சிய பாருங்க, தானே படிச்சிட்ட மாதிரி ஒரு கெத்து வரும்.

அஞ்சு, ஆறுக்கு சிரிப்பு வேணும், தேடிக் கண்டுபுடிக்கற படம் வேணும். கூட்டமா சந்தை, பஸ் ஸ்டாண்டு, திருவிழான்னு நெரிசலா வரைஞ்ச பக்கம் ஒண்ணு இருந்தா போதும், கெங்கையம்மன் சிரசு திருவிழா கூட்டம் பாத்த குடியாத்தத்துப் பசங்களுக்கு அந்தப் பக்கத்துல அரை நாள் ஓடும்.

ஏழு வயசுக்கு படப்புத்தகமா, பெரியவனாயிட்டானேன்னு யோசிக்காதீங்க. எழுத்துக்கூட்டி படிக்க ஆரம்பிச்ச பிள்ளைக்கு படம்தான் கைப்புடி. அரசுப் பள்ளில படிச்சா வாசிப்பு இயக்கம் புக்கெல்லாம் பாத்திருக்கும், அதுல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி வெச்சிருக்காங்க, உங்க பிள்ள எந்தப் படில இருக்குன்னு டீச்சர கேட்டுட்டு, அதுக்கு ஒரு படி கீழ வாங்குங்க. லீவுல குடுக்கற புக்கு கஷ்டமா இருக்கக் கூடாது. பெரிய பிள்ளைய சின்னதுங்களுக்கு படிச்சுக் காட்டச் சொல்லுங்க, அதுக்கு தனி கௌரவம் அது.

தெலுங்கு பசங்களுக்கு என்னன்னா, சென்னையில துலிகான்னு ஒரு பதிப்பகம், 1996லேருந்து இருக்காங்க, ஒரே பக்கத்துல ரெண்டு பாஷை வர்ற புக்கு போடறாங்க, இங்கிலீஷ்-தமிழ், இங்கிலீஷ்-தெலுங்கு அப்படி. விலை கொஞ்சம் கூட, 200 ரூபா கிட்ட வரும். ஒண்ணு மட்டும் அது வாங்குங்க, அந்த அஞ்சு வயசுப் பிள்ள தெலுங்குல சொல்லும், உங்க பிள்ள தமிழ்ல சொல்லும், நம்ம பக்கத்துல ரெண்டும் கலந்துதானே பேசறோம். இல்லைன்னா இன்னொரு வழி, பிரதம் புக்ஸ் 2015லேருந்து ஸ்டோரிவீவர்னு ஒரு தளம் வெச்சிருக்காங்க, தமிழ், தெலுங்கு உட்பட ஏகப்பட்ட பாஷையில கதை, படிக்க, டவுன்லோட் பண்ண, பிரிண்ட் போட எல்லாமே ஃப்ரீ, அனுமதி அவங்களே குடுத்திருக்காங்க, எழுதினவங்க வரைஞ்சவங்க பேர் இருக்கற பக்கத்த மட்டும் வெட்டிடாம சேத்து பிரிண்ட் போடுங்க. 12 பக்க கதைய ஒரு ஏ4 தாளுக்கு நாலு பக்கம் வர்ற மாதிரி முன்னும் பின்னும் போட்டா மூணே தாள், ஆறு கலர் பக்கம், பக்கம் 10 ரூபான்னு வெச்சாலும் 60 ரூபா. ஒரே கதைய தமிழ்ல ஒண்ணு தெலுங்குல ஒண்ணு எடுத்தா ரெண்டு வீட்டுப் பசங்களுக்கும் ஒரே படம். ஜெராக்ஸ் கடைத் தம்பிகிட்ட "புக்லெட்டா போடுப்பா"ன்னு சொல்லணும், சொல்லலைன்னா பக்கம் தலைகீழா வரும், எனக்கு வந்திருக்கு. எழுத்தில்லாத கதையும் அங்கயே கிடைக்கும்.

கணக்கு போட்டுடலாம். வாண்டுக்கு போர்டு புக் 150, மத்த அஞ்சு பேருக்கு ஆளுக்கொண்ணு 60 வெச்சா 300, மாமியாருக்கு 100, ரெண்டு பாஷை புக்கு 200, எல்லாரும் சேந்து சிரிக்க இன்னும் ரெண்டு 120, தெலுங்கு பிரிண்ட் 60. மொத்தம் 930. மிச்சம் 70க்கு கரும்பு வாங்கிக்குங்க. பில்லுல ஜிஎஸ்டின்னு ஏதாவது சேத்திருந்தா கேளுங்க, அச்சு புக்குக்கும் குழந்தைங்க படப்புத்தகத்துக்கும் அந்த வரி கிடையாது.

வாங்கற இடம்னா, பொங்கல் சமயத்துலதான் சென்னை புத்தகக் காட்சி நடக்கும், 10 சதவீதம் கழிவு வழக்கமா உண்டு, நான் சொன்ன பதிப்பகங்கள நேர்ல புரட்டிப் பாக்கலாம். நீங்க போகணும்னு இல்ல, சென்னைல வேலை பாக்கற சொந்தக்காரங்க யாராவது பொங்கலுக்கு ட்ரெயின் ஏறி வருவாங்கல்ல, அவங்களுக்கு லிஸ்ட்ட அனுப்பிடுங்க. நம்ம மாவட்டத்துல புத்தகத் திருவிழா போடறப்போ அடுத்த வருஷத்துக்கு சேத்தே வாங்கி வெச்சுக்கலாம். ஆன்லைன்ல வாங்கினா ஒண்ணு பாருங்க, அளவு எத்தன சென்டிமீட்டர்னு போட்டிருக்கும், அத படிச்சுட்டு ஸ்கேல் வெச்சு பாருங்க. நான் ஒரு தடவ "20 புக் செட், 399"ன்னு பாத்துட்டு ஆசையா ஆர்டர் போட்டேன், வந்த டப்பாவ பாத்து என் வீட்டுக்காரர் தீப்பெட்டி வாங்கினியான்னு கேட்டார், ஒவ்வொண்ணும் உள்ளங்கை அளவுதான். தீப்பெட்டி தயாராகற ஊரு உங்க ஊரு, அங்கயே பொட்டி பொட்டியா இருக்கு, நீங்க வேற ஏன்.

குடுக்கற விதம். ஆறையும் ஒரே நேரத்துல குடுத்தா அடிதடிதான், "அவனுது பெருசு"ன்னு. போகியன்னிக்கு ராத்திரி ஒண்ணு, பொங்கலன்னிக்கு மத்தியானம் ரெண்டுன்னு பிரிச்சு எடுங்க. முதல் பக்கத்துல பிள்ளையோட பேரு, பொங்கல், வருஷம், குடியாத்தம்னு உங்க கையெழுத்துல எழுதுங்க, எழுதறத அது பாக்கட்டும். படிச்சு முடிச்சதும் "இதுல இருந்து என்ன நீதி?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, கலர் என்ன, இங்கிலீஷ்ல என்னன்னும் கேக்காதீங்க, அடுத்த தடவ புக்க எடுத்தாலே ஓடிடும். வீட்டுக்காரர், கொழுந்தனார் எல்லாம் சும்மா உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் கையில ஒண்ணு குடுங்க. ஆம்பளைங்க குரல்ல புலி நல்லா வரும்.

கிழியும். ஆறு பசங்க கையில கிழியாம எப்படி இருக்கும். கிழிஞ்சா செல்லோடேப் போடாதீங்க, ரெண்டு வருஷத்துல மஞ்சளாகி, பிசுபிசுன்னு அடுத்த பக்கத்தோட ஒட்டிக்கும். கொஞ்சம் மைதாவ தண்ணில கரைச்சு காய்ச்சி ஆறவிட்டு, மெல்லிசு வெள்ளத் தாள துண்டு போட்டு, அந்த பசைய லேசா தடவி கிழிசல் மேல ஒட்டி, ராத்திரி பூரா மேல அம்மிக் குழவிய வெச்சுடுங்க. காலைல தகடு மாதிரி இருக்கும். பசை தடவறத பசங்களையே செய்ய விடுங்க. அப்புறம், காணும் பொங்கலுக்கு வேலூர் பக்கத்துல இருக்கற அமிர்தி மிருகக்காட்சி பூங்காவுக்கு போறதா இருந்தா மானும் மயிலும் இருக்கற புக்க காலைல கிளம்பறதுக்கு முன்னாடி காட்டிட்டு வீட்லயே வெச்சுட்டு போங்க. புளியோதரை டப்பாவோட ஒரே பையில வெச்சுகினு போய் எண்ணெ பட்டுச்சுன்னா அதுக்கு எந்தப் பசையும் கிடையாது.